வெள்ளி நுனிக் கையுறை

அந்தக் கையுறையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் டிசம்பர் மாதத்தில் அவனை எங்கள் யாகூத்ஸ்க் நகரத்துப் பக்கம் வரவழைத்து, அவன் கையுறையையே அவனுக்கு மாட்டி, நடுரோட்டில் நிற்க வைப்பேன். எவ்வளவு நேரம் தாங்குகிறான் என்று காருக்குள் உட்கார்ந்து பார்ப்பேன்.

என் பெயர் துயாரா. டாக்சி ஓட்டுகிறேன். சவாரியெல்லாம் போனில்தான் வருகிறது. எங்கள் குளிருக்குப் போடுகிற ரோமக் கையுறையோடு போன் திரையைத் தொட்டால் அது மரக்கட்டை மாதிரிக் கிடக்கும். ஒவ்வொரு சவாரிக்கும் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, விரலெல்லாம் வெடித்துப்போனதால் இந்த வருஷம் சந்தையில் அதை வாங்கினேன். சாம்பல் நிறம், மெல்லிசு, மூன்று விரல் நுனியில் வெள்ளி நூல். திரை சொன்னபடி கேட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அண்ணி, இது கையுறையா, டீ வடிகட்டியா?" என்றான் பெர்கென்.

பெர்கென் என் வீட்டுக்காரரின் தம்பி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். வீட்டுக்காரர் வைரச் சுரங்கத்தில் வேலை முடித்து நேரே கிராமத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். புத்தாண்டுக்கு நாங்களும் அங்கே போய்க்கொண்டிருந்தோம். நான், பெர்கென், என் மூன்று வயது மகன் கெஸ்கில். டிக்கி நிறைய உறைந்த மீன்.

"உனக்குப் பொறாமைடா. உன்னால ரோமக் கையோட ஒரு மெசேஜ் அனுப்ப முடியுமா?"

"எனக்கு யாரு மெசேஜ் போடப் போறா? பொண்ணு பாத்துத் தரேன்னு மூணு வருஷமா சொல்றீங்க."

"உன் வாய்க்கு எவடா வருவா?"

பின்சீட்டில் கெஸ்கில் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. நாங்கள் சிரித்தால் அவனும் சிரிப்பான். குழந்தைகளுக்கான இருக்கையில் அவனை வார் போட்டுக் கட்டியிருந்தேன். வெளியூர்ப் பயணத்தில் நாங்கள் பிள்ளைகளின் குளிர் உடுப்பைக் கழற்றுவதில்லை. வண்டி நின்றுபோனால் அப்புறம் உடுத்திவிட நேரம் இருக்காது. அதிலும் இவன் கையுறையைப் பிடுங்கி எறிகிற ஆசாமி. அதனால் மணிக்கட்டில் நாடாவை இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டு, முடிச்சைக் கோட்டுக் கைக்குள் செருகியிருந்தேன். அந்த இரண்டு ரோம உருண்டைகளுக்கு நடுவில் என் போனை அணைத்துப் பிடித்துக்கொண்டு கார்ட்டூன் பார்த்தபடி வந்தான்.

கடைசி ஊரைத் தாண்டி வெகுதூரம் வந்தபின் கருகல் வாடை அடித்தது.

"கம்பளி," என்றான் பெர்கென். இன்ஜின் மேல் குளிருக்குப் போர்த்துகிற கம்பளியைத்தான் சொன்னான். அது நழுவி எங்காவது பட்டுக் கருகினால் தீப்பிடித்துவிடும். "நிறுத்துங்க. எனக்கும் அவசரம்."

உச்சிப் பொழுது. அப்படியும் பனிமூட்டத்தில் சூரியன் மங்கலாகத்தான் தெரிந்தது. மைனஸ் ஐம்பத்தொன்று. இன்ஜினை ஓடவிட்டேன், எங்கள் பக்கம் வழியில் இன்ஜினை அணைப்பவன் பைத்தியக்காரன். பெர்கென் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு மரங்கள் பக்கம் ஓடினான். நான் இறங்கி, உள்சூடு போய்விடக் கூடாதே என்று கதவைச் சாத்தினேன். என் ரோமக் கையுறை சீட்டில் கிடந்தது. ஒரு நிமிஷ வேலைதானே, இது போதும் என்று வெள்ளி நுனியோடு போய் பானெட்டைத் தூக்கினேன். கம்பளியின் ஒரு மூலை கருகியிருந்தது. இழுத்துச் செருகிவிட்டு பானெட்டை மூடினேன்.

திரும்பி வந்து கதவை இழுத்தேன். வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. இன்ஜின் ஓடும்போது ஆள் இறங்கிக் கதவைச் சாத்தினால், வண்டி தானே பூட்டிக்கொள்ளும். நகரத்துத் திருட்டுக்குப் பயந்து நானே வைக்கச் சொன்ன அலாரம். சாவி உள்ளே தொங்குகிறதே என்ற அறிவெல்லாம் அதற்குக் கிடையாது. மற்ற நாட்களில் போனில் ஒரு பச்சைப் பூட்டு வரும், அதைத் தட்டினால் திறந்துகொள்ளும். போன் இப்போது கெஸ்கிலின் கையில். அதோடு போகவில்லை. பூட்டிய வண்டி இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டுத் தானே அணைத்துவிடும்.

இன்ஜின் நின்றால் அந்த வண்டி ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் என் பிள்ளையை நானே கட்டிப் போட்டிருக்கிறேன்.

"பெர்கென்! டேய்!"

ஓடிவந்தான். கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். விஷயம் புரிந்ததும் அவன் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. அவனும் ரோமக் கையுறை போடாமல்தான் இறங்கியிருந்தான். பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினான். வெள்ளி நுனியால் தொட்டேன். திரை ஒருமுறை எரிந்தது. அவ்வளவுதான், குளிரில் செத்துப்போனது.

"கண்ணாடிய உடைக்கலாம் அண்ணி."

"உடைச்சா ஊர் போற வரைக்கும் பிள்ள எப்படிடா தாங்குவான்?"

"உடைக்கலன்னா?"

"உடை! உடைச்சுத் தொல. அப்புறம் எதையாவது வெச்சு அடைச்சுக்கலாம்."

முழங்கையால் இடித்தான். குளிருக்காகக் கண்ணாடி மேல் இன்னொரு கண்ணாடி ஒட்டியிருந்தது, அது அசையவில்லை. காலால் உதைத்தான். எங்கள் காலணி மான்தோல், அடியில் கம்பளி. சத்தம்கூட வரவில்லை. கல் தேடினோம். சாலை முழுக்கப் பனி. எடுத்தால் கையில் பொடிந்தது. ஜாக்கி, சுத்தியல் எல்லாம் பூட்டிய டிக்கிக்குள்.

"கல்லாட்டம் உறைஞ்ச மீன் ஒண்ணாவது வெளிய இருந்திருந்தா போதும்," என்றான். சிரிப்பு மூட்டத்தான் சொன்னான். "நான் மேட்டுக்குப் போறேன். அந்தப் பக்கம் லாரி ஏதாச்சும் வருதான்னு பாக்குறேன்."

"போ. ஓடு."

பனிமூட்டம் அவனை உடனே விழுங்கிவிட்டது. நான் பின்பக்கக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் உறைபனி, நடுவில் மட்டும் தெளிவு. கெஸ்கில் கார்ட்டூனில் இருந்தான். திரையின் மேல்பக்கம் அந்தப் பச்சைப் பூட்டு தெரிந்தது. ஒரு விரல் பட்டால் போதும். தொடுவதற்கென்றே தைத்த என் விரல்கள் வெளியே நிற்கின்றன. போன் உள்ளே இருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடியைக் கடித்தே தின்றிருப்பேன்.

தட்டினேன். பார்த்தான். சிரித்தான்.

"கெஸ்கில்! பச்சை! பச்சையத் தொடு!"

இன்ஜின் இரைச்சலில் அவனுக்கு என்ன கேட்டதோ. விரலால் காட்டினேன். அவனும் ரோமக் கையைத் தூக்கி எனக்குக் காட்டினான். திரும்பத் திரும்பக் காட்டியபின் புரிந்துகொண்டு பூட்டின் மேல் கையை வைத்து அமுக்கினான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அமுக்கினான். ரோமத்தைத் திரைக்குத் தெரியுமா? என்னைப் பார்த்தான், 'செஞ்சுட்டேனே' என்கிற முகத்தோடு.

"கழட்டு! கையக் கழட்டு!"

பல்லால் நாடாவைத் தேடினான். நாடா கோட்டுக் கைக்குள் இருந்தது. எவ்வளவு அக்கறையாகச் செருகியிருந்தேன்! என் விரல்களில் முதலில் நெருப்பு வைத்தது மாதிரி எரிந்தது. பிறகு எரிச்சல் நின்றது. எரிச்சல் நின்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விரல் உறைந்துகொண்டிருக்கிறது.

அப்போது இன்ஜின் நின்றது.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது? உள்ளே கார்ட்டூன் முயல் பாடுவது தெளிவாகக் கேட்டது. வேறு சத்தமே இல்லை. கெஸ்கில் தலையைத் தூக்கினான். உதடு பிதுங்கியது. அழப்போகிறான். ஆனால் இனி நான் பேசினால் அவனுக்குக் கேட்கும்.

"கண்ணு, அழாத. அம்மா இங்கதான் இருக்கேன். போன முகந்து பாரு."

எங்களிடம் பிள்ளைகளை முத்தமிடுகிற வழக்கமில்லை. நெற்றியில், கன்னத்தில் மூக்கை வைத்து முகர்வோம். அவனும் தூங்கும் முன் என்னை அப்படித்தான் முகர்வான். அவன் உடம்பில் மூடாமல் இருந்தது முகம் ஒன்றுதான்.

"பச்சை இருக்குல்ல? அத முகந்து பாரு. அம்மாவ முகருவியே, அந்த மாதிரி. நல்லா மூக்கை அழுத்தி."

குனிந்தான். முயலை முகர்ந்தான்.

"அது இல்லடா தங்கம். மேல. பச்சை."

மூக்கு மேலே நகர்ந்தது. டக் என்று நாலு கதவும் திறந்துகொண்ட சத்தம் கேட்டது.

நான் கைப்பிடிக்குள் கையை விட்டேன். விரல்கள் மடங்கவில்லை. என் விரல்கள்தான், கண்ணுக்குத் தெரிகின்றன; சொன்னால் கேட்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்து நெம்பினேன், வழுக்கியது. "பெர்கென்!" என்று கத்தினேன். பனிமூட்டத்திலிருந்து பதில் வரவில்லை. கதவு ஓரமும் உறைந்து ஒட்டியிருந்தது. மறுபடி டக். யாரும் கதவைத் திறக்கவில்லையென்று வண்டி தானே பூட்டிக்கொண்டது.

நான் அழுதேன். கண்ணீர் இமையிலேயே உறைந்து ஒரு கண் மூடிக்கொண்டது. உள்ளே கெஸ்கிலும் ஓவென்று அழுதான். அவன் வாயிலிருந்து ஆவி வரத் தொடங்கியிருந்தது.

"இன்னும் ஒரு தடவ, கண்ணு. ஒரே ஒரு தடவ."

"மாட்டேன்! போன் வேணாம்! அம்மா வேணும்!"

"அம்மா வரேன்டா. நீ முகந்தாத்தான் அம்மா வர முடியும். என் ராசால்ல. பச்சைய முகருடா."

விசும்பிக்கொண்டே குனிந்தான். சளியும் கண்ணீருமாக அந்த மூக்கு திரையில் பட்டது. டக்.

இந்த முறை கையை நம்பவில்லை. குனிந்து கைப்பிடியைப் பல்லால் கவ்வி, காலை வண்டியில் ஊன்றி, முழு உடம்போடும் பின்னால் விழுந்தேன். கதவு திறந்தது. என் கீழுதட்டுத் தோல் அந்த இரும்பிலேயே நின்றுவிட்டது. வலி தெரியவில்லை. உள்ளே விழுந்து, முழங்காலால் முன்சீட்டுக்கு ஏறி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் சாவியை வைத்துத் திருகினேன். இன்ஜின் இருமியது. மறுபடி திருகினேன். பிடித்துக்கொண்டது. முழங்கையால் ஹாரனை அழுத்தியபடியே கிடந்தேன்.

பெர்கென் ஓடிவந்தான். என்னைப் பார்த்து, "அய்யோ அண்ணி!" என்றான். என்னைப் பின்னால் தூக்கி உட்கார்த்தி, தன் கோட்டைத் திறந்து என் கைகளைத் தன் அக்குளில் வைத்துக்கொண்டான். கொஞ்சம் இளகியபின் கையுறையைக் கத்தரித்து எடுத்தான். வெள்ளி நூல் பட்ட மூன்று நுனிகளும் மெழுகு நிறத்தில் இருந்தன. அவற்றை நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் பிள்ளை உயிரோடு இருக்கிறான், சூடாக இருக்கிறான். எனக்கு அது போதும்.

பெர்கென் வண்டியை எடுத்தான். நான் கெஸ்கிலை அணைக்கப் போனேன்.

அவன் வீறிட்டான். வாரை மீறி என்னிடமிருந்து விலகி, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டான். என் இமையும் புருவமும் பனி ஏறி வெள்ளை, ஒரு கண் மூடியிருக்கிறது, வாயெல்லாம் ரத்தம், உதடு வீங்கிப் பேச்சும் குழறுகிறது. பேயைப் பார்த்தால்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டான்.

"கெஸ்கில், அம்மாடா."

"இல்ல!" என்று வெளியே கையைக் காட்டினான். "அம்மா அங்க இருக்கா. சித்தப்பா, வண்டிய நிறுத்து! அம்மாவுக்குக் குளிருது. அம்மாவ ஏத்திக்கோ!"

எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. பின்னால் போகிற சாலையைப் பார்த்துப் பார்த்துக் கதறினான். மூச்சு முட்டி முகம் நீலம் பாய்ந்தது. மைனஸ் ஐம்பதில் அம்மாவை விட்டுவிட்டுப் போகிறோம் என்று பிள்ளை நம்புகிறான்.

பெர்கென் வண்டியை நிறுத்தினான். இன்ஜினை ஓடவிட்டு, இறங்கி என் பக்கம் வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"எறங்குங்க அண்ணி."

"மாட்டேன்டா." சீட்டோடு ஒட்டிக்கொண்டேன். "சத்தியமா மாட்டேன். திரும்ப மூடிக்கும்."

"என் கதவு திறந்தேதான் இருக்கு. உங்க போனும் என் பையில. இந்தக் கதவுலயும் என் கால் இருக்கு. பாருங்க. ஒரே நிமிஷம்."

மகனைப் பார்த்தேன். இறங்கினேன். பெர்கென் தன் துண்டால் என் வாயைத் துடைத்து, இமைப் பனியை உள்ளங்கையால் உருக்கிவிட்டான். அந்தக் குளிர் மறுபடி முகத்தில் அறைந்ததும் ஓடிப்போய் உள்ளே விழத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கெஸ்கில் அழுகையை நிறுத்தி என்னையே பார்த்தான்.

"டேய், உங்க அம்மா வந்தாச்சு பாரு," என்றான் பெர்கென். "ஏத்திக்கலாமா?"

கெஸ்கில் தலையாட்டினான்.

நான் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாய்ந்து வந்து என் கன்னத்தில் மூக்கை வைத்து, நீளமாக முகர்ந்து பார்த்தான். பிறகு ரோமக் கையால் என்னை ஓங்கி ஓர் அடி அடித்தான்.

"ஏம்மா இவ்ளோ நேரம்?"