அளவு ரவிக்கை

கூலியை ஏற்றிக் கேட்டு வரப்பில் செங்கொடி நட்ட பெண்களில் அம்சம் முன்வரிசை. மிராசுதார் நீலமேகம் அடிக்கவில்லை, ஏசவில்லை. "அவளை நடவுக்குக் கூப்பிடாதே" என்று காரியஸ்தரிடம் ஒரு வார்த்தைதான் சொன்னார். அதிலேயே அவள் அடுப்பு அணைந்தது.

அழுதுகொண்டு அவர் கொல்லையில் வந்து நிற்பாள் என்று ஊர் காத்திருந்தது. அவளோ கீழ்வேளூரில் அரசாங்கம் நடத்திய தையல் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். நாற்று பிடித்த விரல் ஊசிக்குப் படிய நாளாயிற்று; படிந்தது. வகுப்பு முடிந்ததும் கொடுத்த மெஷினைக் குடிசை வாசலில், நிலக்காரர் குடியிருக்கும் மேலத்தெருவின் கண்ணில் படுகிற மாதிரி போட்டாள். ஆனால் அவளுடைய தெற்குத் தெருவில் வருஷத்துக்கு ஒரு ரவிக்கை தைத்தாலே பெரிசு. மேலத்தெருத் துணி வந்தால்தான் மெஷின் சோறு போடும்.

வந்தது. மிராசுதார் மகளுக்குக் கல்யாணம். டேப்போடு ஓர் ஆம்பளை வீட்டுப் பெண்களை நெருங்குவது நீலமேகத்துக்கு ஆகாது. தெற்குத் தெருக்காரி தொடுவது அவர் மனைவி தனபாக்கியத்துக்கு ஆகாது. தனபாக்கியத்தின் ரவிக்கைக்கான பட்டுத் துணியோடு ஓர் அளவு ரவிக்கையைக் காரியஸ்தர் கலியபெருமாளிடம் கொடுத்தனுப்பினார்கள். அது தனபாக்கியம் தலைப்பிரசவத்துக்கு முன்னால் போட்டது. நெல் பெருத்தால் ஊருக்கே சொல்கிற வீடு, உடம்பு பெருத்ததைச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் காரியஸ்தர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"என்னடி தைச்சிருக்கே? அம்மாவுக்குக் கையே நுழையல."

"குடுத்த ரவிக்கைக்குத் தைச்சேன். அது அம்மாவோடதுதானே?"

"பிரிச்சுத் தையி."

"தைக்கிறேன். உள்ள துணி விட்டிருக்கேன். அளவெடுக்கணும்."

"கொல்லைப்பக்கம் வந்து நில்லு. வேலைக்காரப் பொண்ணு டேப்பை வச்சுப் பாத்துச் சொல்லுவா."

"டேப்பை நான்தான் பிடிப்பேன். வாசல் வழியாத்தான் வருவேன்."

கலியபெருமாள் பேரத்தை மாற்றினார். "சொன்னபடி கேளு. நடவுக்கு உன்னைச் சேத்துக்கச் சொல்லி ஐயாகிட்ட பேசறேன்."

"அந்தச் சரக்கு இப்ப இங்க விலை போகாதுங்க."

"குடிசை யாரு மண்ணுல நிக்குதுன்னு தெரியுமா?"

"என் மண்ணுலதாங்க. குடியிருக்கிறவங்களுக்கே மனைன்னு சட்டம் வந்துச்சே, ஐயா பேப்பர் பாக்கலியா?"

"மேலத்தெருத் துணி ஒண்ணுகூட இனிமே உன் பக்கம் வராது."

இது மட்டும் நடந்தால் மெஷின் சோறு போடாது. பயம் முகத்தில் தெரிந்தால் விலை இறங்கிவிடும்.

"வராட்டிப் போவுது. நாளன்னிக்குக் கல்யாணம் எனக்கில்லீங்க."

அவர் போனதும் நூல் கோக்காத மெஷினை வெறுமனே மிதித்தாள். வேலை இருக்கிறதென்று மேலத்தெரு வரைக்கும் சத்தம் போகட்டும்.

பொழுது சாய்வதற்குள் காரியஸ்தர் திரும்பி வந்தார். "வா."

"எந்த வழியா?"

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "வாசல் வழியாத்தான். சீக்கிரம் வா."

சீக்கிரம் போகவில்லை. மேலத்தெரு நடுவே, டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வாசல்படி ஏறினாள். கூடத்தில் தனபாக்கியம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"இப்படித் திரும்புங்கம்மா."

திரும்பினாள். டேப்பு பட்டதும் வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சை விடுங்க. பொய்யளவுக்கு நான் தைக்கிறதில்ல."

தனபாக்கியம் முறைத்தாள். அம்சம் டேப்பை எடுக்காமல் நின்றாள். கடைசியில் மூச்சு வெளியே வந்தது. டேப்பு நன்றாகவே நீண்டது.

"ம். கையைத் தூக்குங்க."

மிராசுதார் மனைவி இரண்டு கையையும் தூக்கினாள்.