மீசம்

வாய்க்கொழுப்பு என் கூடவே பிறந்தது. எங்கள் வாரப் பத்திரிகையில் யாராவது மழுப்பினால், "சும்மா மென்னு முழுங்காதீங்க, நேரா சொல்லுங்க" என்று முதலில் பாய்கிறவள் நான்தான். அதனால் புதிதாகக் கிளம்பிய ஒரு கிரிப்டோ காசுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தோண்டுகிற வேலையை ஆசிரியர் என் தலையில் கட்டியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை.

அலுவலகத்தில் அதற்குக் காற்றுக்காசு என்று பெயர் வைத்திருந்தோம். கையில் பிடிக்க முடியாது, கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும், வாங்கிப் போட்டால் தானாக வளரும் என்று விளம்பரம். எங்கள் போட்டோக்காரர், மகளின் கல்லூரிப் படிப்புக்குச் சேர்த்ததையெல்லாம் அதில் போட்டுவிட்டார். எடுக்கப் போகும்போதெல்லாம் கொஞ்சம் குறைந்தே வந்தது. ஏன் என்று கேட்டு எழுதினால் பதில் இல்லை. அதை உருவாக்கியவர்கள் கல்லுளிமங்கன் மாதிரி இருந்தார்கள்.

"எவன்னு தெரிஞ்சா போதும்மா. போனது போகட்டும், எதுக்குடா இப்படிப் பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேக்கணும்," என்றார், கேமராப் பையை மடியில் அணைத்துக்கொண்டு.

"கண்டுபிடிச்சு அவன் மூஞ்சியை அட்டையிலயே போடறேன் அண்ணே. படத்தை நீங்களே எடுங்க!"

அவர் சிரித்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் காசை மூன்று விஞ்ஞானிகள் உருவாக்கியதாக இணையதளம் சொன்னது. மூவரும் படத்தில் சிரித்தார்கள். ஒருவருடைய சிரிப்பு அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருக்கவே, அந்தப் படம் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடினேன். பற்பசை விளம்பரம். இன்னொருவர் மெத்தை விளம்பரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகம் என்று போட்டிருந்த முகவரிக்குப் போனால் அது சலவைக்கடை. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காசைத் தேடி வந்தீங்களா? தினமும் ஒருத்தர் வர்றாங்க. துணி இருந்தா குடுங்க, இல்லேன்னா கொஞ்சம் வழி விடுங்க."

மரியாதைக்கு என் மேல்கோட்டைக் கழற்றி இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எஞ்சியது நிரல் ஒன்றுதான். அந்தக் காசு எப்படி ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு எழுதி வைத்த கட்டளைகள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்தே போட்டிருந்தார்கள். எனக்கு அது தலையும் புரியாது, வாலும் புரியாது. நிரல் எழுதுகிற தோழி ஒருத்தியை அழைத்து வந்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இங்க பாரு, வேடிக்கைய. யார் காசு எடுத்தாலும் ஒரு துளி இப்படி ஓரமா ஒதுங்குது. அது போய்ச் சேர்ற காசுப் பைக்கு ஒரு பேரும் வச்சிருக்கான். மீசம். எந்த பாஷைன்னே யாருக்கும் தெரியல."

ஆங்கில எழுத்தில் இருந்தது. இணையத்தில் அதைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சியே நடக்கிறது என்றாள். மீசம் என்பது உருவாக்கியவரின் குடும்பப் பெயர் என்று ஒரு கட்சி. பழைய கணித மேதை ஒருவரின் பெயர் என்று இன்னொரு கட்சி. யாரோ அவருக்குத் தாடி வைத்துப் படமே வரைந்து போட்டிருந்தார்கள்.

எனக்கு அந்தச் சொல் தெரியும்.

மீசம் என்றால் மிச்சம். ஆனால் எங்கள் வீட்டில் மட்டும்தான். என் தம்பிக்குக் குழந்தையில் மிச்சம் என்று சொல்ல வராது. மீசம், மீசம் என்பான். கேலி செய்து செய்து வீடே அதைப் பிடித்துக்கொண்டது. "மீசத்தை ஃபிரிட்ஜுல வை." "கடைக்குப் போனியே, மீசச் சில்லறை எங்க?" அப்பா இருந்தவரை அவரும் அப்படித்தான் பேசினார். தம்பி இப்போது அம்மாவோடு இருந்துகொண்டு, வீட்டிலிருந்தே யார் யாருக்கோ கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கிறான். அதற்கு மேல் நான் விசாரித்ததில்லை. ஊரையெல்லாம் விசாரிக்கத்தான் எனக்கு நேரம் இருந்தது.

"என்னடி முகம் வெளுத்துப்போச்சு? உனக்கு ஏதாவது பிடிபடுதா?"

"ஒண்ணும் பிடிபடல," என்றேன். கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னேன்.

அவள் போனதும் கட்டுரையை முடித்தேன். பற்பசைக்காரர் இருந்தார், மெத்தைக்காரர் இருந்தார், சலவைக்கடை இருந்தது. காசு எப்படி ஒதுங்குகிறது என்ற பத்தியை மட்டும் எழுதிவிட்டு அழித்தேன். போட்டோக்காரருக்குத் தெரிய வேண்டியது அந்தப் பத்திதான். தெரிந்தேதான் அழித்தேன். 'உருவாக்கியவர்கள் யார் என்பது இன்றுவரை புதிர்' என்று கடைசி வரியைப் போட்டபோது காது மடல்கள் சுட்டன.

எங்கள் ஆசிரியருக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். எதைக் கொடுத்தாலும் பாதியை வெட்டுவார். அன்றைக்குப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா, வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்லையே. உடம்பு சரியில்லையா?"

"தலைவலி சார்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பி நேராக அம்மா வீட்டுக்குப் போனேன்.

அம்மா கதவைத் திறந்ததும், "வா வா. மத்தியான மீசம் இருக்கு, சூடு பண்ணட்டுமா?" என்றாள். தம்பி பின்பக்கத்து பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தான். கதவைச் சாத்திவிட்டு அவன் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கினேன்.

"மீசம்னு பேர் வச்சவன் நீதானே?"

அவன் பயப்படுவான், மறுப்பான் என்று நினைத்தேன். அவனோ பெருமூச்சு விட்டான், பெரிய மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி.

"வந்துட்டியா! இவ்வளவு நாளா உனக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

"உளறாதே. திருட்டுப் பையை நீ எழுதினியா, இல்லையா?"

"எழுதினேன். முதல்ல சாதாரண வேலைன்னுதான் குடுத்தாங்க. பாதியில இந்த வரியைச் சேருன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். வாயைத் திறக்க மாட்டேன்னு நீ கையெழுத்துப் போட்டிருக்க, கோர்ட்டுக்கு இழுப்போம்னாங்க. பயந்துட்டேன்க்கா. வேலையை முடிச்சுக் குடுத்துட்டேன். அப்புறம் தூக்கம் போச்சு."

"அதுக்கு நம்ம வீட்டுப் பேச்சுதானா கிடைச்சுது? அறிவு கெட்டவனே!"

"வேணும்னுதான் வச்சேன். பைக்கு என்ன பேர் வச்சாலும் அவங்களுக்குக் கவலை இல்ல. உலகத்துல யாருக்கும் புரியாது, உனக்கு மட்டும் புரியும். எனக்குச் சொல்ற தைரியம் இல்ல. ஆனா எங்க அக்கா மோப்பம் பிடிச்சு வருவா, வந்தா யார் எவன்னு பாக்க மாட்டா, போட்டு உடைச்சிடுவான்னு தெரியும்." அவன் கண்கள் பளபளத்தன. "எழுதிட்டேல்ல?"

நான் அந்த ஈரச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எழுதிட்டேல்ல?"

"எழுதினேன். அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"உன்னைக் காப்பாத்தத்தாண்டா."

"நான் கேட்டேனா?" என்றான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். உண்மையில் நான் யாரைக் காப்பாற்ற அழித்தேன்? ஊர் சிரிக்கும், இவள் தம்பியா என்று கேட்கும், என் வாய்க்கு இனி மதிப்பிருக்காது. அந்த பயம்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போது ஃபோன் அடித்தது. ஆசிரியர். பக்கங்களை அச்சுக்கு அனுப்பும் முன் எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வியைத்தான் கேட்டார். அவர் பேசினால் அடுத்த அறைக்கும் கேட்கும்.

"மிச்சம் ஏதாவது இருக்காம்மா? பக்கத்தை மூடிடலாமா?"

"இருக்கு சார்," என்றேன். வாயைத் திறந்து திறந்து மூடினேன். தம்பி கையை நீட்டினான். ஃபோனைக் கொடுத்துவிட்டேன்.

"சார், நான் அவங்க தம்பி பேசறேன். அந்தக் காசுக்கு நிரல் எழுதினது நான்தான்." திருட்டுப் பை, துளித்துளியாய் ஒதுங்குவது, வேலை கொடுத்தவர்களின் பெயர்கள், எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னான். நடுவில் ஆசிரியர் உறுமினார்.

"இதெல்லாம் கட்டுரையில இல்லையேப்பா!"

தம்பி ஒரு கணம் என்னைப் பார்த்தான்.

"அக்கா எழுதியிருந்தாங்க சார். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி எடுக்க வச்சேன். அப்புறம் அவங்க விடல. நீயே சொல்லுடான்னு ஃபோனைக் கையில குடுத்துட்டாங்க."

"அதான் உங்க அக்கா!" என்று ஆசிரியர் கத்தியது பால்கனி முழுக்கக் கேட்டது. "கூடப் பிறந்தவன்னுகூடப் பாக்கல பாரு! போட்டோக்காரர் இங்கதான் இருக்கார், கண்ணைத் துடைச்சுக்கிறார். உங்க அக்காவைக் கையெடுத்துக் கும்பிடணும்கறார். படம் எடுக்க இப்பவே கிளம்பி வர்றாராம். வீட்டுலயே இருப்பா."

"இருக்கேன் சார்."

இல்லை, பொய், நான்தான் மறைத்தேன் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஃபோன் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆசிரியர் வைத்துவிட்டார்.

தம்பி என் கையிலிருந்த சட்டையை வாங்கி, உதறி, கொடியில் போட்டு கிளிப் மாட்டினான்.

"போட்டோக்கார அண்ணன் வர்றதுக்குள்ள முகம் கழுவிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

"மீசம் ஆறிப்போகுது, ரெண்டு பேரும் வாங்க!" என்று அம்மா கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவன், அம்மா அவனுக்கு வைத்ததில் பாதியை என் தட்டில் தள்ளினான். சின்ன வயதில் நான் அழுதால் அப்படித்தான் செய்வான்.

வாசல் மணி அடித்தது. அவன்தான் எழுந்து போய்த் திறந்தான்.