படித்துறையில் நட்ட பலகை

சொர்ணவல்லியின் கெண்டைக்காலிலிருந்து தொங்கிய நரம்புச் சிலந்திப் புழுவை ஆத்மநாதன் வேப்பங்குச்சியில் ஒரு சுற்று சுற்றினார். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளேயே அழுகிக் கால் வீங்கிப்போகும். வெள்ளை நூல் மாதிரி வழவழவென்று இருந்தது சனியன். போன வருஷம் ஊருணித் தண்ணீரோடு வயிற்றுக்குள் போனது, வளர்ந்து இப்போது காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. கட்டிய பெண்டாட்டியின் காலைப் பார்த்து முகத்தைத் திருப்பக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பென்சிலை எடுத்து, குச்சியும் புழுவுமாக அந்தக் காலை அப்படியே வரையத் தொடங்கினார். அவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார்.

“இதப் போயி யாராச்சும் படமா எழுதுவாங்களா?” அவள் சேலையை இழுத்துக் காலை மூடப் பார்த்தாள்.

“பாக்குறவன் தண்ணியில கால வைக்கக் கூசணும். அதுக்குத்தான். நீயும் ஊருணிப் பக்கம் எறங்கிறாத.”

“நான் எங்க எறங்குறேன்? நீங்கதானே தண்ணி கொண்டாரீங்க.”

யுத்தம் தொடங்கிய மறுவருஷம், திருவரங்குளத்தில் படித்தவர்கள் நாலு பேர் கூடி விஞ்ஞானப் பிரசார சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். முதல் காரியமாக இந்தப் புழுவை ஊரைவிட்டு ஒழிப்பதென்று தீர்மானம். புழு தொங்கும் காலோடு ஒருத்தர் தண்ணீரில் இறங்கினால் போதும், அது குஞ்சுகளைக் கொட்டிவிடும்; குடிக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் வரும். மேல்படியில் நின்று வாளி போட்டு இறைத்து, துணியில் வடிகட்டிக் குடித்தால் தொல்லை விட்டது. இதை ஊருக்குச் சொல்லச் சங்கத்துக்கு ஒரு சின்னம் வேண்டும். நோட்டீசிலும், சட்டையில் குத்தும் வில்லையிலும், படித்துறையில் நடப்போகும் தகரப் பலகையிலும் அதுவே இருக்க வேண்டும். வரையும் வேலை ஆத்மநாதன் தலையில் விழுந்தது. அவர் ஆசையாகத்தான் ஏற்றுக்கொண்டார். சொர்ணவல்லிக்கு இது இரண்டாவது புழு. மூன்றாவது வரக் கூடாது.

சங்கத்தின் அக்கிராசனர் முத்துராமன் படத்தைக் கையில் வாங்கியவர், காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“அய்ய! என்ன வாத்தியாரே இது? குடிச்சது மேல வருது.”

காரியதரிசி குழந்தைசாமி சயன்ஸ் படித்த பி.ஏ. அவர் இருமிக்கொண்டார். “விஷயம் சரிதாங்க. ஆனா சங்கத்துக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்ல? சட்டையில புழுவக் குத்திக்கிட்டுத் திவானப் பாக்கப் போக முடியுமா?”

ஜனங்களின் காலில் புழு தொங்கினால் கௌரவம் குறையாது, காகிதத்தில் தொங்கினால் குறைந்துவிடும். ஆத்மநாதனுக்கு அந்த இரண்டு பேரின் வெள்ளைச் சட்டையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

புழு போய் பூதக்கண்ணாடி வந்தது. அது தோசைக் கரண்டி போல இருக்கிறதென்று முத்துராமன் சிரித்தார். சரியென்று ஒரு குத்துவிளக்கு. விளக்கு மட்டும் மொட்டையாக இருக்கிறதே என்று அடியில் தாமரை. தாமரை வந்த பிறகு அதில் சரஸ்வதி உட்காராமல் என்ன செய்வாள்? விஞ்ஞானமும் வித்தைதானே என்றார் பி.ஏ. ஒவ்வொரு தடவையும் ஆத்மநாதன் தலையை ஆட்டிவிட்டு வந்து வரைந்தார். படம் எதுவானால் என்ன, ‘தண்ணீரில் கால் வைக்காதீர்’ என்ற எழுத்து இருக்கிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். தேவிக்கு இடம் போதாமல் எழுத்தும் சிறுத்து அடிவிளிம்புக்கு இறங்கியது. வரைந்த கையை எங்கே கொண்டுபோய்க் கழுவுவதென்று தெரியவில்லை. ஆனால் தேவியின் முகம் மட்டும் நன்றாக வந்திருந்தது. அதில் கொஞ்சம் சந்தோஷப்பட்டார் என்பதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கம்.

பலகை நட்டு அடுத்த வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு ஊருணிக் கரை வழியாக வந்தார். பலகையின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. கழுத்தில் போட்ட அரளி மாலை அடிவிளிம்பு வரை தொங்கி, எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. பெண்கள் வரிசையாகப் படியிறங்கி, முழங்காலளவு தண்ணீரில் நின்று கால் கழுவி, ஈரப் பாதத்தோடு ஏறி வந்து பலகையைக் கும்பிட்டார்கள். போன மாதம்வரை குடத்தோடு வந்தவர்கள்தான் இறங்குவார்கள். இப்போது வெறுங்கையோடு வந்தவர்களும் இறங்கினார்கள்.

அந்த வரிசையில் சொர்ணவல்லியும் இருந்தாள். காலில் கட்டிய துணியை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தாள்.

“சொர்ணம்! ஏறு மேல! ஒனக்கு என்ன சொன்னேன்?”

அவள் திரும்பிச் சிரித்தாள். பல நாளாகச் சிரிக்காத முகம்.

“கால் கழுவாம சாமி முன்னால எப்புடிங்க நிக்கிறது? அதுவும் நீங்க எழுதுன சாமி!”

சொல்லிக்கொண்டே அடுத்த படியில் கால் வைத்தாள். வேப்பங்குச்சி தண்ணீரில் மிதந்து, அதன் பின்னால் வெள்ளை நூல் மெல்ல நெளிந்தது. அவளுக்குப் பக்கத்தில் குனிந்த ஒருத்தி, பாசியைக் கையால் விலக்கிவிட்டுக் குடத்தை அமுக்கினாள்.