நீக்கிலாப்பிள்ளையின் பதினொரு புத்தகங்கள்

வெள்ளைக்காரன் காலத்தில் மலாயாவுக்குக் கப்பலேறிய நம்மவர்கள் வழியில் என்ன வாசித்தார்கள் என்று ஒரு புத்தகம் எழுத மல்லுக்கட்டுகிறேன். 2004 பிறந்தும் புத்தகம் பாதி தாண்டவில்லை. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடுக்குகிறவனுக்கு இது தேவையா என்று மனைவி அக்னெஸ் கேட்காத நாளில்லை. தேவைதான். போனவர்களின் பதவியும் சம்பளமும் எல்லாருக்கும் மனப்பாடம். அவர்கள் மனதில் என்ன ஓடியது என்று ஒருவருக்கும் தெரியாது.

நீக்கிலாப்பிள்ளை 1912இல் பினாங்குக்குப் போன ரயில்வே கிளாக்கர். அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனார். ட்ரங்குப் பெட்டி மட்டும் யாழ்ப்பாணம் திரும்பியது. அதிலிருந்த பதினொரு புத்தகங்களும் இப்போது ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில், அவருடைய பேத்தி மாக்கிரட் அக்காவிடம். போன மாதம் மாதா கோயிலுக்கு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பக்க ஓரமெல்லாம் பென்சில் எழுத்து, பொடிப் பொடியாக. பூசை தொடங்குவதற்குள் ஒரு வரியைத்தான் பார்த்து எழுத முடிந்தது: “இந்த இடத்தை அன்னம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.”

அன்னம்மா அவர் ஊரில் விட்டுப்போன ஆறு வயது மகள். மாக்கிரட் அக்காவின் அம்மா.

அக்காவுக்குக் கண் பார்வை குறைவு. அது தாத்தா சும்மா கிறுக்கிவைத்தது என்று நினைத்திருந்தார். அந்த வரியைப் பற்றி நானும் சொல்லவில்லை. சொன்னால் புத்தகங்களைத் தரமாட்டாரோ என்ற பயம்; பேராசைதான். “எல்லாத்தையும் உங்களுக்கே தாறன், தம்பி” என்றார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் மாறிப் போனேன். மேசையில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன, பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி உறை போட்டு.

“ஊத்தைப் புத்தகத்தை ஒரு எழுத்தாளருக்குக் குடுக்கிறதே? எங்களுக்கெல்லோ வெக்கம்” என்றார் அக்கா. “என்ரை பேத்தி ஷெரோன் ரெண்டு கிழமையா இருந்து அழிறப்பரால அழிச்சவள். ஒரு எழுத்தும் மிச்சமில்லை, பாருங்கோ.”

ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஓரங்கள் வெளுத்துப் பஞ்சாகிக் கிடந்தன. பதினொன்றிலும் அப்படித்தான். கோபம் தலைக்கேறியது. யார்மேல் கோபப்படுவது? தமிழ் வாசிக்கத் தெரியாத அந்தப் பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். கட்டைவிரலில் தோல் உரிந்திருந்தது.

“நல்லாயிருக்கா, அங்கிள்?”

“நல்லாயிருக்கு, பிள்ளை.”

மாக்கிரட் அக்கா தேநீரையும் ரோல்ஸையும் என் பக்கம் தள்ளிவைத்தார்.

“அண்டைக்கு என்னவோ பாத்து எழுதினீங்களே. அம்மப்பா என்ன எழுதியிருந்தவர்? ஏன் கேக்கிறன் எண்டால், அம்மா சாகும்வரைக்கும் சொல்லி அழுவா, போன தகப்பன் தன்னை ஒரு நாளும் நினைக்கேல்லை எண்டு.”

அந்த வரி சட்டைப்பைக் கொப்பியில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டினால், எதை அழித்தோம் என்று இருவருக்கும் தெரிந்துவிடும். என் வாய் ஏன் ஒரு மாதம் மூடியிருந்தது என்பதும் தெரிந்துவிடும். எனக்கு அந்தத் துணிவில்லை.

“கப்பல் நிண்ட இடங்களின்ரை பேருகள்தான், அக்கா.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான்” என்றார் அவர்.