பேரிங் வாங்கப் போனவர்

சக்திவேல் ஓட்டிய அறுவடை மிஷினைப் போல பேரிங் தின்னும் மிஷின் உத்திரமேரூர் வட்டாரத்திலேயே கிடையாது என்று மாகறலில் எல்லோரும் கேலி செய்வார்கள். மாதத்தில் ஒரு நாள் மனிதர் காலையிலேயே குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். எங்கே என்று கேட்டால் பேரிங் போய்விட்டது, வாங்கி வருகிறேன் என்பார். பதினான்கு வருடம் இது நடந்தது.

அவர் பேரிங் வாங்கப் போகவில்லை என்பது மனைவி சித்ராவுக்கு மட்டும் தெரியும். காஞ்சிபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மாத்திரை வாங்குவார். பிறகு மாகறல் வழியாகப் போகும் பஸ்ஸில், துண்டை முகத்தில் போட்டுத் தூங்குவதுபோல் நடித்தபடி சொந்த ஊரைத் தாண்டி, உத்திரமேரூரில் போய் இறங்குவார். அங்கே பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டே அறைகளில் கைப்பிடி அறக்கட்டளை இருந்தது. எடை பார்ப்பார்கள். சத்துமாவு கொடுப்பார்கள். மாத்திரையை எத்தனை நாள் மறந்தீர்கள் என்று கேட்பார்கள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், டோக்கன் நம்பர்தான். சக்திவேல் நூற்றுப் பதினேழு.

முதன்முதலில் சித்ரா அவரை அங்கே கூட்டிப் போனபோது அவர் எடை முப்பத்தெட்டு கிலோ. இனி அவ்வளவுதான் என்று சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். டி.பி. என்று சொல்லி வைத்திருந்தாள். வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். கைப்பிடியிலிருந்து பிரிஸ்கில்லா என்ற பெண் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். சோறு போடச் சொன்னாள். சக்திவேலின் தட்டையே எடுத்து அதில் வாங்கி, ரசத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, புளி கொஞ்சம் தூக்கல் என்றாள். அன்று ராத்திரி அந்தத் தனித் தட்டை சித்ரா பரண்மேல் போட்டாள். சித்ராவையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனது அவள்தான். சித்ராவுக்கு இல்லை என்று வந்தது. வருடா வருடம் பார்த்தார்கள். கடைசிவரை இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு வேடிக்கை நடந்தது. கைப்பிடியில் காத்திருந்தபோது சக்திவேலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி உடைந்து, மனிதர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றைக்கு எடை அறுபத்தொன்று. பிரிஸ்கில்லா அவருடைய பைலில், நாற்காலி உடைந்தது, நல்ல செய்தி என்று எழுதிவைத்தாள்.

போன தை மாதம், அறுப்புக்கு நடுவில், மிஷின் மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. மற்ற வியாதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சித்ராவிடம் தனியாகச் சொன்னார். ஊருக்கு மாரடைப்பு மட்டும் தெரிந்தது. சித்ராவுக்கும் அது போதுமாக இருந்தது. அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். அறுபத்திரண்டு பிள்ளைகள் அவள் கையால் சாப்பிடுகிறார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. கரண்டி கையில் இருக்கும்வரை அந்தக் குறை தெரிந்ததில்லை. புருஷனுக்கு என்ன இருந்தது என்று ஒரு தாய்க்குத் தெரிந்தால் போதும், கரண்டி கையை விட்டுப் போய்விடும்.

முதல் வருட நினைவு நாள் வந்தது. மிஷின் முதலாளி துரைராஜ், படையலுக்கு டிரைவர்கள் எல்லோரும் வருவோம், சாப்பாடு என் செலவு என்று சொல்லிவிட்டார். சித்ராவுக்கு அது மட்டும் போதவில்லை. பதினான்கு வருடம் கொடுத்த இடத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். என்ன கொடுப்பது என்று யோசிக்கவே தேவையில்லை. அங்கே இன்னமும் பிளாஸ்டிக் நாற்காலிதான்.

உத்திரமேரூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பஞ்சாட்சரத்திடம் போய், ஆறு பேர் உட்காரும் இரும்பு பெஞ்சு ஒன்று செய்யச் சொன்னாள். எவ்வளவு கனமான ஆள் உட்கார்ந்தாலும் அசையக் கூடாது என்றாள். சக்திவேல் நினைவாக என்று மட்டும் எழுதினால் போதும், ஞாயிற்றுக்கிழமை நேராகக் கைப்பிடியில் இறக்கிவிடுங்கள் என்றும் சொன்னாள்.

பஞ்சாட்சரத்தின் பட்டறையில் ஒரு வழக்கம். உபயமாகச் செய்யும் எந்தப் பொருளும் நேராகப் போய்ச் சேராது. கோயில் மணித் தூணோ, பள்ளிக்கூட பெஞ்சோ, முதலில் கொடுப்பவர் வீட்டு வாசலுக்கு மாலையோடு போகும். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, பிறகுதான் போக வேண்டிய இடத்துக்கு. சித்ராவுக்கு இது தெரியாமல் இல்லை. கோயிலுக்குப் போகும் பொருளுக்குத்தான் அப்படி என்று நினைத்திருந்தாள்.

ஞாயிறு மதியம் படையல் முடிந்து, வாசல் பந்தலில் முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. தெருமுனையில் ஆரன் சத்தம். குட்டியானை வண்டி மெதுவாக உள்ளே வந்தது. மேலே பச்சை பெயின்ட் அடித்த பெஞ்சு, சாமந்தி மாலையோடு. சாய்மானத்தில் மஞ்சள் எழுத்து, தெருக்கோடியிலிருந்தே படிக்கலாம். பக்கத்து வீட்டு வசந்தகுமாரி அதைச் சத்தமாகவே படித்தாள். "கைப்பிடி அறக்கட்டளைக்கு, அறுவடை மிஷின் சக்திவேல் நினைவாக, மனைவி சித்ரா, மாகறல்."

வண்டியிலிருந்து இறங்கிய பஞ்சாட்சரம் பெருமையாக நின்றார். வெறும் சக்திவேல்னா எந்த சக்திவேல்னு யாருக்குத் தெரியும், தாலுகாவுல நூறு சக்திவேல் கீறான் தங்கச்சி என்று விளக்கமும் சொன்னார்.

யாரும் சாப்பிடவில்லை. கைப்பிடி என்ன ஆபீஸ் என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

துரைராஜ் இலையிலிருந்து எழுந்து வந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. "ஏதோ தருமத்துக்குக் குடுக்குது. ஏழைங்க வர்ற இடம். அவ்ளோதான், சாப்புடுங்கப்பா" என்றார்.

தப்பிக்க ஒரு வழியை அவரே திறந்துவிட்டிருந்தார். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டால் போதும், பந்தி தொடரும், திங்கட்கிழமை அடுப்பு பற்றவைக்கலாம். சித்ரா பெஞ்சைப் பார்த்தாள். மாலைக்கு மேலே அவர் பெயர் இருந்தது. நூற்றுப் பதினேழு என்றே பதினான்கு வருடம் கூப்பிடப்பட்டவரின் பெயர். இன்றைக்கும் அவரைத் துண்டைப் போட்டு மூட வேண்டுமா?

"இல்லண்ணே" என்றாள். "அவரு பேரிங் வாங்கப் போனது அங்கதான். எச்.ஐ.வி. இருந்துச்சு. எலும்பும் தோலுமா கொண்டுபோய் வுட்டேன், பதினாலு வருசம் மனுசனா திருப்பிக் குடுத்தாங்க. அதுக்குத்தான் பெஞ்சு."

வசந்தகுமாரி பந்தலின் கம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நீ? எம் பொண்ணுக்கு நீதானே ஆக்கிப் போட்டுக்கினு கீற?"

சித்ரா ஒளிக்காமல் சொன்னாள். தனக்கு இல்லை, பரிசோதனைச் சீட்டு இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். அப்படியே தனக்கு இருந்தாலும்கூட, சோறு ஆக்கினால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. இதைத் தெரிந்துகொள்ளத் தனக்கும் ஒருத்தி வந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. வசந்தகுமாரி தன் வீட்டுக்குள் போய்விட்டாள். இன்னும் நாலைந்து பேர் எழுந்து போனார்கள்.

துரைராஜ் அங்கேயே நின்றார். சாம்பார் அவர் விரல்களில் காய்ந்துவிட்டது.

"எம் மிஷினும்மா அது" என்றார். "பதினாலு வருசத்துல மூணு பேரிங் மாத்திக்கீறேன். நாலாவதே கிடையாது. எனக்குத் தெரியாதா?"

சித்ரா நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் சொன்னது இதுதான். நெல்லூர்ப் பக்கம் அறுப்புக்குப் போயிருந்தபோது, டூல்ஸ் பெட்டியில் ஸ்பேனர் தேடி, மாத்திரை டப்பாவைப் பார்த்திருக்கிறார். பெயரை எழுதிக்கொண்டு போய் மருந்துக் கடையில் கேட்டார். அன்று முழுக்க சக்திவேலுடன் பேசவில்லை. சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று கடைக்காரர் சொன்னதை நம்ப ஒரு நாள் பிடித்தது. மறுநாள் வழக்கம்போல ஒரே டிபன் பாக்ஸில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த ஊரில் அறுப்பு என்றாலும், மாதத்தில் அந்த ஒரு நாள் சக்திவேல் ஊரில் இருக்கிற மாதிரிதான் அவர் மிஷினை அனுப்பினார்.

"அவனா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். "கடைசி வரைக்கும் பேரிங்குன்னே சொல்லிட்டான், படுவா." பிறகு இலைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். ஒரு டிரைவர் உட்கார்ந்தார், பிறகு மற்றவர்கள். சித்ரா சாம்பார் வாளியை எடுத்தாள். அவர் இலையில் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினாள். இத்தனை வருடம் தான் ஒருத்தி மட்டும் அந்தப் பாரத்தைத் தூக்கியதாக நினைத்திருந்தாள். மறுபக்கம் ஒருவர் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். அவருக்கு எந்தப் பெஞ்சைக் கொடுப்பது?

பஞ்சாட்சரம் சூடம் கொளுத்தினார். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி வண்டி உத்திரமேரூர் போனது.

சாயந்திரம் ஹெட்மாஸ்டர் ஐசக் வீட்டுக்கு வந்தார். பெற்றோர்கள் போன் செய்கிறார்கள் என்றார். ஒரு வாரம் லீவு போடுகிறீர்களா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். லீவு போட்டால் பயந்தது சரி என்று ஆகிவிடாதா சார் என்று சித்ரா கேட்டாள். அவர் காபி கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அவள் அறுபத்திரண்டு பேருக்கே உலை வைத்தாள். குறைத்து வைக்கக் கை வரவில்லை.

சத்துணவை, பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஐசக் சார் சர்க்கரை நோயாளி. ஒரு கரண்டி நாக்கில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதோடு சரி. அன்றைக்கு அவர் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வந்து, வரிசையில் முதலாவதாக நின்றார். வாசலில் அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சார் பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். நோட்டில் நன்றாக உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன் அவர் அப்படி எழுதியதே இல்லை.

அன்று முப்பத்தொன்பது பிள்ளைகள் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்து டப்பா கொண்டு வந்திருந்தார்கள். புதன்கிழமை பிரிஸ்கில்லா பள்ளிக்கூடத்துக்கு வந்து அம்மாக்களிடம் ஒரு மணி நேரம் பேசினாள். வியாழக்கிழமை ஐம்பத்தொன்று. அன்று மதியம் வசந்தகுமாரி சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே பார்க்காமல், "எம் பொண்ணு டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டாறா. உன் சாம்பார்தான் வேணுமாம். போட்டுத் தொலை" என்றாள். சித்ரா சரி என்றாள். ஆறு பிள்ளைகள் கடைசிவரை வரவில்லை. ஒருத்தர் பையனை வேறு பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டார்.

சனிக்கிழமை சித்ரா உத்திரமேரூர் பஸ்ஸில் போனாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

கைப்பிடியின் முன் அறையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். மஞ்சள் எழுத்துகளின் மேல் பழைய காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. பிரிஸ்கில்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு மேலும் தொந்தரவு வேண்டாமே என்றுதான் மூடினேன், நீங்கள் சொன்னால் பெயின்ட் அடித்து அழித்துவிடலாம் என்றாள்.

சித்ரா பெஞ்சின் பின்னால் போய்த் தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். முழுதாக உரிந்து வந்தது.

பெஞ்சின் கோடியில் உட்கார இடமிருந்தும் ஓர் ஆள் சுவரோரம் நின்றிருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சட்டை அவருடையதுதான், ஆனால் வேறு யாருடையதோ போலத் தொங்கியது. கையில் டோக்கன். எழுத்துகளை மெல்லப் படித்துவிட்டு, இது யார் என்று கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரு" என்றாள் சித்ரா. "பதினாலு வருசம் இங்க வந்தாரு."

"பதினாலு வருசமா?" அந்த ஆள் அதை மட்டும் திரும்பக் கேட்டார்.

"ஆமா. வந்தப்போ உங்கள விட இளைச்சிருந்தாரு. அப்புறம் ஒரு நாற்காலியவே உடைச்சாரு." அவள் முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க. இது உடையாது."