கப்பலில் முன் சீட்டு

குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் பஸ்ஸில் முன் சீட்டைப் பிடிப்பதில் ஜொஹராவை மிஞ்ச ஆள் கிடையாது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்பப் பின் சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார்கள். ஜொஹராவோ வாயில் ஓர் ஏலக்காயை அடக்கிக்கொண்டு, கீழே விரியும் பள்ளத்தாக்கை வேடிக்கை பார்த்தபடியே இறங்குவாள். முன்னால் உட்கார்ந்தால் குமட்டாது என்பது மலையில் குடியிருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்தச் சங்கதியைக் கடலுக்குக் கொண்டுபோனவள் அவள் ஒருத்திதான்.

அவளுடைய கணவர் பரீது குமுளிக் கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரி. இருவருக்கும் பூர்வீகம் பாலக்காட்டுக்குக் கிழக்கே. கல்யாணமான கையோடு மலையேறி வந்தவர்கள். சக்குபள்ளத்துத் தோட்டங்களில் காய் வாங்கி மூட்டை கட்டி அனுப்புவது பரீதின் வேலை, தரம் பிரிப்பது ஜொஹராவின் வேலை. முறத்தில் காயைப் போட்டு அவள் நாலு தட்டுத் தட்டினால் சண்டு தனியாக, காய் தனியாக வந்து நிற்கும். பரீது நல்ல மனிதர்தான். ஆனால் பயணம் என்றால் அவருக்கு வியாபாரம், கல்யாணம், மய்யித்து அடக்கம், அவ்வளவே. சும்மா ஓர் ஊருக்குப் போவதை அவர் ஒரு வியாதியாகவே நினைத்தார்.

அந்த வியாதி ஜொஹராவுக்குக் கொச்சியில் பிடித்தது. கல்யாணத்துக்குப் போன இடத்தில், வெள்ளைவெளேரென்று ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்வதைப் பார்த்தாள். மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் கரையில் இருந்த எல்லாருக்கும் கை காட்டினார்கள். அவளுக்கும் காட்டினார்கள். இத்தனை வருஷம் மூட்டைகளை மட்டும் ஊர் ஊராக அனுப்பிவிட்டு நாம் மலையிலேயே கிடக்கிறோமே என்று அவளுக்கு இருந்தது.

“அவங்கெல்லாம் ஆருக்குக் கை காட்டறாங்க?” என்றார் பரீது.

“எல்லார்த்துக்குந்தானுங்க.”

“தெரியாதவனுக்கு எதுக்குக் கை காட்டோணும்? கிறுக்கா?”

ஊர் திரும்பியதும் ஜொஹரா நச்சரிக்க ஆரம்பித்தாள். மழைக்காலம் முழுக்க நச்சரித்தாள். குமுளி மழைக்குக்கூட நடுவில் கொஞ்சம் ஓய்வு உண்டு, அவளுக்கு இல்லை. கடைசியில் பரீது இறங்கி வந்தார்.

“செரி, போலாம். ஆனா ஒண்ணு சொல்லிப்போட்டேன். போற வழில செரமம்னு வந்துச்சு, அங்கயே எறங்கித் திரும்பீரோணும். அதுக்கப்பறம் ஊரத் தாண்டற பேச்சையே நீ எடுக்கப்படாது. ஆயுசுக்கும்.”

“செரிங்க,” என்றாள் ஜொஹரா. வாயில் இருந்த ஏலக்காயை ஒரு கடி கடித்தாள். ஆயுசு முழுவதையும் வைத்துப் பந்தயம் கட்டியாகிவிட்டது. தோற்கிற உத்தேசம் அவளுக்குத் துளியும் இல்லை.

கொச்சியிலிருந்து பம்பாய்க்குக் கப்பல், திரும்பும்போது ரயில் என்று முடிவாயிற்று. மாசி மாதம் என்று சொன்னவளும் அவள்தான். அப்போது மழை ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும், மலையில் காய் வரத்தும் குறைந்திருக்கும். மனசு கடையிலும் உடம்பு கப்பலிலுமாகப் போகிற பயணம் பயணமே அல்ல என்பது அவள் கட்சி. பம்பாய் வியாபாரிகளிடம் காட்டலாம் என்று பரீது சத்தமில்லாமல் பெட்டிக்குள் வைத்த சாம்பிள் ஏலக்காய்ப் பையைச் சத்தமில்லாமலே எடுத்துக் கடையில் வைத்தாள். வாயில் போட்டு மெல்ல ஒரு டப்பா காய் மட்டும் வைத்துக்கொண்டாள்.

மற்ற விவரமெல்லாம் காய் பிரிக்க வரும் கத்தரீனாளிடம் கேட்டுக்கொண்டாள். கத்தரீனாள் சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போய்வந்தவள்.

“பெரிய பெட்டியக் கப்பலுக்கு அடியில போட்டுருவாக, எறங்குத வரைக்கும் கண்ணுல காட்ட மாட்டாக. வேண்டியத சின்னப் பையில வச்சுக்கிடுங்க அக்கா. வெறும் வயித்தோட ஏறிராதிய. வயிறு முட்டவும் திங்கப்பிடாது, காஞ்ச ரொட்டியக் கொஞ்சங் கொஞ்சமாக் கடிச்சுக்கிடணும். கொமட்டுச்சுன்னா பக்கத்து அலையப் பாக்காதிய, தூரத்துல தெரியுத கரையப் பாருங்க. உள்ள போயி இழுத்து மூடிப் படுத்திய, அம்புட்டுதான்!”

ஜொஹரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கப்பலில் எந்த இடத்தில் படுக்கலாம் என்பதை மட்டும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கே தெரியுமே. கொச்சியில் டிக்கெட் எழுதிய குமாஸ்தா எந்தப் பக்கத்து அறை வேண்டும் என்றதும், பரீது வாயைத் திறப்பதற்குள், “நெம்ப முன்னால,” என்றாள். குமாஸ்தா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அந்த அறையைத் தாமாகக் கேட்டு வாங்கியவர்களை அவர் அதுவரை பார்த்ததில்லை போலும். மனம் மாறிவிடப்போகிறார்கள் என்று சட்டென்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

கப்பல் உச்சிப்பொழுதுக்குக் கிளம்பியது. ஜொஹரா மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், மீன்காரிகள், போலீஸ்காரர் என்று ஒருவர் விடாமல் கை காட்டினாள். பரீது கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

“கப்பல் வடக்கால போகுதுங்க. அப்ப தொழுவறதுக்குக் கிப்லா எடது கைப்பக்கம்,” என்றாள். “சாயங்கால வெயிலும் அந்தப் பக்கந்தான் அடிக்கும். நாம இப்ப கரை தெரியற இந்தப் பக்கம் நாற்காலி போட்டுக்குவோம். காலைல அந்தப் பக்கம் மாத்திக்கலாம்.”

பரீதுக்கே ஆச்சரியமாக இருந்தது. கரையோரத் தென்னந்தோப்புகள் மெல்ல நகர்ந்தன. மலைக் குளிருக்கென்று வைத்திருந்த சால்வை கடல் காற்றுக்கும் உதவியது. சமையல்காரரிடம் முன்கூட்டியே பேசி, தங்களுக்கு மீனும் சோறும் போதும், ஹலாலா இல்லையா என்று தெரியாத இறைச்சி வேண்டாம் என்று ஜொஹரா சொல்லி வைத்திருந்தாள். “பரவால்லியே,” என்று பரீது சொல்ல வாயெடுத்த சமயத்தில்தான் எதிர்க்காற்று கிளம்பியது.

படுக்கப் போன அறை, அறையாக இல்லை. தரை மேலே ஏறியது, ஏறி ஒரு கணம் நின்றது, பிறகு காலுக்கடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. இறங்கியது போதும் என்று நினைப்பதற்குள் மறுபடி ஏறியது. குமுளி மலைப் பாதைக்காவது ஓர் அடிவாரம் உண்டு. பரீது வாளியைக் கட்டிக்கொண்டு விடிகிற வரைக்கும் அல்லாவைத் தவிர யாரிடமும் பேசவில்லை. ஜொஹராவுக்கும் குமட்டியது. ஆனால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

விடிந்தபோது கப்பல் கோழிக்கோட்டுக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்றது. கரைக்குப் போகிறவர்களை ஏற்றப் படகுகள் வந்தன. பரீது சின்னப் பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“எறங்கு புள்ளெ. இங்கிருந்து பஸ் புடிச்சா பாலக்காட்டு ஊட்டுக்குப் போயிரலாம். பேசினது பேசினதுதான்.”

ஜொஹராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோற்பது கூடப் பெரிதில்லை. இனி அந்தக் கடைத்தெரு, அந்த மூட்டை, அந்த மழை, அவ்வளவுதானா என்றுதான் இருந்தது.

“ஏனுங்க, இப்பத்தைக்குக் கப்பல் நிக்குது, நீங்களும் நிக்கறீங்க. மங்களூர் வரைக்கும் மட்டும் பொறுங்க. சாயங்காலம் அங்க நிக்கும். அதுக்குள்ள உங்களுக்குச் செரியாகலீன்னா நானே மொதல்ல எறங்கறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

பரீதுக்குப் படகில் இறங்கும் ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றியது. அதனால்தான் சம்மதித்தார் என்று ஜொஹராவுக்குத் தெரியும். சம்மதம் எப்படி வந்தால் என்ன!

அவரை மேல்தட்டு நாற்காலியில் சாய்த்து, கண்ணைக் கரையின் மேல் வைக்கச் சொல்லி, கையில் ஒரு துண்டு ரொட்டியும் கொடுத்தாள். கப்பல் கிளம்பியது. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறியது. ஜொஹரா கம்பியைப் பிடித்தபடி முன்பக்கத்தைப் பார்த்தாள். கப்பலின் மூக்கு மேலே போனது, கீழே விழுந்தது. பின்பக்கத்தைப் பார்த்தாள். அதுவும் துள்ளியது. அப்போதுதான் அவளுக்குப் பொட்டில் அறைந்தாற்போல் உறைத்தது. முறத்தைத் தட்டும்போது விளிம்பில் கிடக்கிற காய்தானே எகிறும்? கைக்குப் பக்கத்தில் கிடப்பது இருந்த இடத்தில் இருக்குமே! விளிம்பில் கொண்டுபோய் மனுஷனைப் படுக்கவைத்தது யார்? சாட்சாத் அவள்தான். பஸ் ரோட்டை விட்டு எழும்பாது, கப்பல் எழும்பும். இவ்வளவு எளிய விஷயம் தோன்றாமல் போயிற்றே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

குட்டிக்கொண்டு நிற்க நேரமில்லை. முன்னாலிருந்து பின்னால்வரை நடந்தே பார்த்தாள். நடுவில், புகைபோக்கிக்குக் கீழே, ஒரு தட்டு இறங்கினால் சமையலறை. அங்கே மேஜைமேல் இருந்த டீ கிளாஸ் தளும்பவில்லை. எதிர் அறையின் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள் கண்ணூர்க்காரர்களான ஒரு கணவனும் மனைவியும். இயந்திரத்தின் சூடும் சத்தமும் தாங்கவில்லை, பம்பாய் வரை இந்த அடுப்பில்தான் வேகவேண்டும் என்று அந்த அம்மாள் அலுத்துக்கொண்டாள்.

ஜொஹரா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வியாபாரி பெண்டாட்டி இல்லையா, சரக்கின் குறையை முதலில் சொல்லிவிட்டால் பேரம் சீக்கிரம் படியும் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் அறையில் நல்ல காற்று வரும், ஆனால் பயங்கரமாக ஆடும், மாற்றிக்கொள்ளலாமா என்று மலையாளத்தில் கேட்டாள். அந்த மனிதர் கடகடவென்று சிரித்தார். கடலோரத்தில் பிறந்து தோணியில் வளர்ந்தவர்களாம். தொட்டிலில் போட்ட மாதிரி தூங்குவோம் என்றார். கப்பல் அதிகாரியும் இரண்டு பேருக்கும் சம்மதமென்றால் சரி என்றுவிட்டார்.

பரீதைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து படுக்கவைத்தபோது, ஜொஹரா அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

“தப்பு எம்மேலதானுங்க. கப்பலையும் மலை பஸ்ஸுன்னு நெனச்சுப்போட்டேன்.”

“கம்முனு இரு. தரை நிக்குது. நிக்கட்டும்,” என்றார் பரீது கண்ணைத் திறக்காமல். அறை சூடாகத்தான் இருந்தது, இயந்திரம் தடதடத்தது. மூட்டைகளுக்கு நடுவே கடையில் தூங்கிப் பழகிய மனிதருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. ஜொஹரா இதைவிட இனிமையான சத்தத்தைக் கேட்டதே இல்லை.

மாலையில் மங்களூருக்கு எதிரே கப்பல் நின்றபோது அவள் மட்டும் மேல்தட்டுக்கு வந்தாள். பையைத் தோளில் மாட்டியிருந்தாள். சொன்ன சொல் சொன்ன சொல்தான், அவர் இறங்கு என்றால் இறங்க வேண்டியதுதான். படகுகள் ஆளை இறக்கிக்கொண்டு, புது ஆட்களை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தன. பரீதைக் காணவில்லை. கழுத்தை நீட்டித் தேடினாள்.

ஏணிப் பக்கமிருந்து அவருடைய குரல் கேட்டது. அப்போதுதான் ஏறிய ஒரு தம்பதியை மடக்கிப் பிடித்து வைத்திருந்தார்.

“முன்பக்கத்து ரூமை மட்டும் எடுத்துப்போடாதீங்க. நடுவுல, கீழ்த்தட்டுல படுங்க. காஞ்ச ரொட்டி இருக்குதுங்களா? ஒரு ஏலக்காயை வாயில அடக்கிக்குங்க, இந்தாங்க. அலையப் பாக்காதீங்க, கரையப் பாருங்க. இதெல்லாம் முன்னாலயே யோசிச்சு வரோணுமுங்க. சும்மா ஏறிப்போட்டா ஆச்சுங்களா?”

டப்பா திறந்த சத்தம் கேட்டது. ஜொஹராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். எல்லாம் அவள் சொன்னது, அவள் பெயர் மட்டும் இல்லை. போகட்டும், இன்றைக்கு அவர் எதை எடுத்துக்கொண்டாலும் அவளுக்குச் சம்மதம்.

கப்பல் ஊதியது. கடைசிப் படகு விலகிப் போனது. பரீது கம்பியோரம் வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவள் தோளில் இருந்த பையைப் பார்த்தார். அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு படகில் போய்க்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, முதலில் தயங்கி, பின்னால் நன்றாகவே கையைத் தூக்கி ஆட்டினார். படகிலிருந்து ஒரு கிழவர் தலைத்துண்டை அவிழ்த்துப் பதிலுக்கு வீசினார்.

“ஏனுங்க, தெரிஞ்சவங்களா?” என்றாள் ஜொஹரா.

பரீது தூக்கிய கையை இறக்கவில்லை.

“அடுத்த வருசம் வாரப்போ தெரிஞ்சிருக்குமல்ல,” என்றார்.