பின்வரிசைக்குத் தெரிந்த கோடு

கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு நிம்மதி ஏது? அதுவும் நிறைமாதக்காரி. மாடி கட்ட அனுமதி கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் தங்கை வீட்டில் ஓட்டைப் பிரித்தார்கள். மறுவாரமே மாநகராட்சி ஆள் வந்து வேலையை நிறுத்தச் சொன்னார். பிரித்ததைத் திரும்ப வேயவும் கூடாதாம், இருப்பதை இருக்கிறபடி விட வேண்டுமாம். கீழ்நிலை அதிகாரி கொடுத்த அனுமதியை ரத்து செய்தவர் யார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். அக்காள் புருஷன்! கட்டட அனுமதிப் பிரிவில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"அத்தான் அத்தான்னு கூப்பிட்ட வாயிலேயே மண்ணள்ளிப் போட்டுட்டாரே," என்று தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து தங்கை அக்காளிடம் பொருமினாள். "ரயில் வருதாம். என் வீட்டு மேலயே வருதாம். நீயும் அந்த ரயில் ஆபீஸ்லதானே குப்பை கொட்டுற? உனக்குத் தெரியாதா?"

"பிள்ளை பிறக்கிறவரைக்கும் எங்க வீட்டுக்கு வந்துடேன்டி."

"அந்த மனுஷன் வாசலையா? மிதிக்கமாட்டேன்."

அக்காளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதுதான் வெட்கக்கேடு. தெருவோடு தெருவாக ஓடப்போகும் அந்தச் சின்ன ரயிலுக்குத் தண்டவாளம் எங்கே, நிறுத்தம் எங்கே என்று வரைந்த கையே அவளுடையது. தங்கை வீட்டுப் பக்கம் ரயில் நடுத்தெருவில்தான் போகிறது. ஒரு வாசற்படியைக்கூடத் தொடவில்லை.

புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது என்பீர்கள். அங்கேதான் வினை. கல்யாணமான புதிதில், எந்தத் தெருவுக்கு அகலம் போதாது என்று தொடங்கிய பேச்சு தட்டு பறக்கும்வரை போனது. அன்றிலிருந்து வீட்டுக்குள் ஆபீஸ் பேச்சு கூடாது என்று ஒரு சட்டம். இரண்டு அலுவலகங்களும்தான் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றால், அந்த வியாதியை இவர்கள் சாப்பாட்டு மேஜைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

அன்று சாப்பிடும்போது அவள் மெல்ல ஆரம்பித்தாள். "தங்கச்சி வீட்டு விஷயமா..."

"அது ஆபீஸ் விஷயம்."

"இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா. தலைக்கு மேல கூரை இல்ல."

"எனக்கு மட்டும் ஆசையா? வீடு கோட்டுக்குள்ள இருக்கு. கொழுந்தியாளுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டா, அந்தத் தெருவுல மத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?" கை கழுவ எழுந்து போய்விட்டார்.

கோட்டுக்குள்ளேயா? ஒரு வீடு கோட்டின் ஓரத்தில் இருக்கலாம். உள்ளே எப்படி இருக்கும்? படுத்தாள், புரண்டாள், எழுந்து தண்ணீர் குடித்தாள். காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

போன வருஷம் ரயில் திட்டத்தை ஊருக்குக் காட்டக் கண்காட்சி வைத்தார்கள். முந்தைய நாள் மேலதிகாரி வந்து, "என்னம்மா இது, மயிரிழையாட்டம்? பின்வரிசைக்குத் தெரிய வேண்டாமா? தடிமனா இழு," என்றார். இழுத்தாள். நல்ல சிவப்பில், விரல் மொத்தத்துக்கு. அந்தப் படத்தில் விரல் மொத்தம் என்றால் தரையில் தெருவின் இரண்டு பக்கத்து வீடுகளும் அதற்குள் அடக்கம். அனுமதிப் பிரிவுக்குப் போனது அந்தக் கண்காட்சிப் படம் ஒன்றுதான். அளந்து வரைந்த படத்தை யாரும் அனுப்பவே இல்லை. ஐயோ, சிவப்பு பட்ட வீட்டையெல்லாம் மறித்திருப்பார்களே!

அளவுப்படத்தைக் கண்காட்சிப் படத்தின் அளவிலேயே அடியில் இருப்பது தெரியும் மெல்லிய தாளில் எடுத்துச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். மேலதிகாரி வழியில் நின்றார்.

"இதை வெளிய கொண்டுபோனா, தடிமனாப் போட்டது யாருன்னு கேட்பாங்க. மாட்டப்போறது நீதான், பார்த்துக்க."

"கேட்கட்டும் சார். மழை யாரையும் கேட்டுட்டு வராது."

அனுமதிப் பிரிவில் ஈ நுழைய இடமில்லை. புருஷன் இருக்கும் இடம் என்று நேரே உள்ளே போக முடியுமா, அந்த மனுஷனிடம் அது நடக்குமா? டோக்கன் எடுத்தாள். உட்கார இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தாள். வெளியே மேகம் கறுத்துக்கொண்டே வந்தது.

அவள் முறை வந்தபோது அவர் நிமிர்ந்தார். ஒரு கணம் திகைத்தார். பிறகு எல்லோரையும் கேட்பதுபோலவே கேட்டார்.

"சொல்லுங்கம்மா."

"நம்ம வீட்டுச் சட்டம் இங்க செல்லாதில்ல?"

அவர் படத்தை வாங்கினார். சுவரில் மாட்டியிருந்த சிவப்புக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். நடுவில் ரயில் நூலாக ஓடியது. இரண்டு பக்கமும் வெறும் சிவப்பு.

"இதை இவ்வளவு தடிமனாப் போட்டது யாரு?"

"நான்தான். பின்வரிசைக்குத் தெரியணும்னு சொன்னாங்க."

"நல்லாத் தெரிஞ்சுது," என்றார். குரலில் கேலி இல்லை.

உதவியாளரைக் கூப்பிட்டு, கோட்டுக்குள்ளே மறித்த எல்லாத் தெருக்களின் தடையையும் எடுக்கச் சொன்னார். தங்கை தெருவும் அதில் ஒன்று. மாடி இன்றே எழும்பிவிடாது, ஆனால் பொழுது சாய்வதற்குள் ஓடாவது திரும்ப ஏறும். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தங்கைக்குப் போன் போட ஓடப் பார்த்தாள்.

அவர் இன்னும் சுவர் பக்கமே நின்றார். சிவப்பின் ஓரத்தில் ஒரு விரலை வைத்திருந்தார். அது அவர்கள் குடியிருக்கும் தெரு.

"படி ஏற முடியலன்னு அம்மா கீழ ஒரு அறை கேட்டாங்கள்ல."

எப்படி மறப்பாள்? அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய மகன் வீட்டுக்குப் போன அன்று, பெற்றவளுக்கு ஓர் அறை கட்டித்தர மனசு வராத கல்நெஞ்சு என்று அவள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. மனுஷன் வாயே திறக்கவில்லை.

"மனுப் போட்டேன். நானே தள்ளுபடியும் பண்ணேன். நம்ம வீடும் கோட்டுக்குள்ளதான் இருந்துச்சு."

"அடப்பாவி மனுஷா, அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை.

"ஆபீஸ் விஷயமாச்சே," என்றார்.